பாலேஸ்வரி வளர்த்த சாட்சி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பாலேஸ்வரியின் வாய்க்குப் பயப்படாத மனிதன் ஒருவன்தான் இருந்தான். அவன் அவளுடைய வீட்டு மேல்மாடியிலேயே வாடகைக்குக் குடியிருந்ததை அவளுடைய தலைவிதி என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் தில்லைநாதன். புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் களஞ்சியப் பொறுப்பு, நாற்பத்தேழு வயது, கலியாணம் இல்லை. கட்டியிருந்தால் அந்தப் பெண் எப்போதோ கடலில் குதித்திருப்பாள் என்பது பாலேஸ்வரியின் கருத்து. கருத்தை அவள் மனதோடு வைத்திருக்கவில்லை, தெருவுக்கே சொல்லிவைத்திருந்தாள்.

இரண்டு பேரும் கீரியும் பாம்பும். அவன் சாரத்தைத் தோய்த்துப் பிழியாமல் பல்கனியில் போடுவான். அது கீழே அவள் காயப்போட்ட செத்தல் மிளகாயில் சொட்டுச் சொட்டாக விழும். அவன் தலைக்குச் சவர்க்காரம் போட்டு முடிந்த நேரம் பார்த்து அவள் மேலே போகிற தண்ணீரைப் பூட்டுவாள். எழும்பிப் போ என்றால் போகமாட்டான். போகிறேன் என்று அவன் சொன்னால் இவள் விடமாட்டாள், வாடகைக்கு ஆள் வேண்டுமே. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழனுக்கு அறை கிடைப்பதும் லேசில்லை, தெரிந்த தமிழனைக் குடிவைத்திருக்கிற நிம்மதியும் லேசில்லை. அதனால் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு காலம் போனது.

பாலேஸ்வரி ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தொலைபேசிக்குப் பொறுப்பாக இருந்தாள். பகல் முழுக்க ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தேன் ஒழுகக் கதைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அடக்கிவைத்ததையெல்லாம் தமிழில் கொட்டுவாள். புருஷன் இரத்தினசிங்கம் நெஞ்சுவலியில் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் மகன் வாகீசனை வளர்த்தாள். யாழ்ப்பாணத்தில் தமக்கையிடம் விட்டுப் படிப்பித்துத் தொண்ணூற்றாறில்தான் கொழும்புக்கு எடுத்தாள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, இருபத்திரண்டு வயது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அந்த நாளில் இந்த நகரத்தில் போதிய குற்றமாக இருந்தது. பொடியன் வாய் திறவாதவன். தாயின் வாயே இரண்டு பேருக்கும் காணும் என்று இருந்துவிட்டானாக்கும். ஆனால் தொண்ணூற்றெட்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, மிளகாய்ச் சண்டையில் தில்லைநாதன் தாயைக் கெட்ட வார்த்தையால் பேசியபோது, வாகீசன் படியில் நின்று அவனை மறித்தான். இனி ஒரு சொல் வந்தால் கை நீளும் என்று அடங்கிய குரலில் சொன்னான். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை தில்லைநாதன் பஸ் தரிப்பிடத்துக்குப் பிந்திப் போனான். பஸ் நகரத் தொடங்கிவிட்டது. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வருஷக்கணக்காக ஓடாத மனிதன் ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். இடது காலை நிலத்தில் ஊன்றி உன்னினான். ‘படார்’ என்று ஒரு சத்தம். குதிக்காலுக்கு மேலே யாரோ பொல்லால் வெளுத்துவிட்ட மாதிரி ஓர் அடி. தில்லைநாதன் முகம் குப்புற விழுந்தான். சுட்டுப்போட்டான், சுட்டுப்போட்டான் என்று கத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்றது வாகீசன். கொம்பியூட்டர் வகுப்புக்குப் போக அதே தரிப்பிடத்துக்கு வந்திருந்தான்.

அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனைச் சந்தியில் அப்படிக் கத்துகிறவனுக்கு மூளை இருக்குமா? கடைக் கதவுகள் விழுந்தன. பஸ்ஸுக்குள் சனம் இருக்கைக்கடியில் புகுந்தது. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற இராணுவக்காரர் ஓடிவந்து, யார் சுட்டது என்று கேட்டார்கள். தில்லைநாதன் கையை நீட்டினான். இவன்தான் என்றான். முதல் நாள் படியில் கேட்ட சொல் அவனுக்குள் அப்படிப் புகைந்துகொண்டிருந்தது.

துவக்குக் கிடைக்கவில்லை. காலில் காயமும் இல்லை. அதனாலென்ன? ஆயுதத்தைக் கைமாற்றிவிட்டான் என்று எழுதிக்கொண்டு வாகீசனை ஜீப்பில் ஏற்றினார்கள். தில்லைநாதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த இளம் டொக்டர், எலும்பு முறியவில்லை, பாதமும் அசைகிறது, சுளுக்குத்தான் என்று துணி சுற்றி அனுப்பிவிட்டார்.

பாலேஸ்வரி பொலிசுக்குப் போனாள். உள்ளே விடவில்லை. மறுநாளும் போனாள். கந்தோர்க் குரலில் கெஞ்சினாள், வீட்டுக் குரலில் கத்தினாள், இரண்டும் எடுபடவில்லை. முறைப்பாடு செய்தவன் உன் வீட்டு ஆள்தானே, அவனைப் போய்க் கேள் என்று சார்ஜன்ட் சிரித்தான். அவள் வீட்டுக்கு வந்து படியேறிப் போய், கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள். தில்லைநாதன் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். கட்டையில போவானே என்று தொடங்கியவள் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டி முடித்தாள். அவன் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற பிறவி. தனக்கு அடி விழுந்தது உண்மை, சத்தம் கேட்டது உண்மை, பின்னால் நின்றது அவளுடைய மகன் என்பதும் உண்மை என்றான்.

பாலேஸ்வரி அவன் நடக்கிறதைக் கவனித்தாள். இடது பாதத்தைப் பலகைத் துண்டு மாதிரித் தட்டையாக வைத்து இழுத்தான். நடிக்கிறான் என்று அவளுக்கு நிச்சயமாயிற்று. எலும்பு முறியவில்லை, தோல் கிழியவில்லை, பிறகென்ன நொண்டல்? இவன் நடிக்கிறான் என்று ஒரு பெரிய டொக்டர் சொல்லிவிட்டால், முறைப்பாடே பொய் என்று ஆகிவிடும், பிள்ளை வெளியே வந்துவிடுவான்.

“உண்மையா அடி வாங்கின ஆளெண்டா வாரும், பெரிய டொக்டரிட்டக் காட்டுவம்,” என்றாள்.

“காட்டுறன். உம்மட மகன் என்ன செய்தவனெண்டு அவர் வாயால கேளும்,” என்றான் அவன்.

இப்படித்தான் ஒருவரையொருவர் மாட்டிவிடுவதற்காக இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் வெள்ளவத்தைக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் ஒரு பக்கம் பார்த்தாள், அவன் மறுபக்கம் பார்த்தான். செக்பொயின்ற்றுகளில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக அடையாள அட்டையை நீட்டினார்கள்.

டொக்டர் நாகேந்திரம் எலும்பு, மூட்டு வைத்தியர். வாய்க்காரரைக் கண்ணில் காட்டக்கூடாது அவருக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கியதும், அவளை மூலையில் இருத்தி, அவனைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கின. வலது கெண்டைக்கால் சதையைக் கைநிறையப் பிடித்து அமுக்கினார். அந்தப் பாதம் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரிப் பின்னால் நீண்டது. இடது கெண்டையை அமுக்கினார். ஒன்றுமில்லை. இன்னொருமுறை பலமாக அமுக்கினார். பாதம் செத்த மீன் மாதிரித் தொங்கியது. குதிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தன் பெருவிரலை வைத்தார். இருக்க வேண்டிய இறுக்கமான நாண் அங்கே இல்லை. விரல் குழிக்குள் இறங்கியது.

“முழுசா அறுந்துபோச்சு,” என்றார்.

மூலையில் இருந்த பாலேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. அப்போ இவன் நடிக்கவில்லை. அப்போ அடி உண்மை. தன் கையாலேயே மகனுக்குக் குழி வெட்டிவிட்டேனே என்று தலையில் கைவைத்தாள். தில்லைநாதன் படுத்தபடியே தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கொடுப்புக்குள் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக அவனை அங்கேயே கழுத்தை நெரித்திருப்பாள், டொக்டர் நடுவில் நின்றார்.

யார் அடித்ததென்று டொக்டர் எழுதித் தர வேண்டும் என்றான் தில்லைநாதன். நாகேந்திரம் அவனை ஒரு தினுசாகப் பார்த்தார்.

“ஒருத்தரும் அடிக்கேல்லை. அறுத்தது உம்மட சதைதான்.”

பிறகு அவர் கோபத்தோடுதான் விளக்கினார். கெண்டைச் சதை இழுக்கிற இழுப்பைக் குதி எலும்புக்குக் கொண்டுபோகிறது இந்த நாண். உள்ளே மயிரிலும் மெல்லிய நார்கள், கட்டுக்குள் கட்டாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நெடுக்காகக் கிடக்கும். குறுக்கே பின்னல் கிடையாது. இழுக்கிற திசையில் மட்டும்தான் அதற்கு வேலை, அதனால் பலம் முழுக்க அந்தத் திசையிலேயே. சும்மா இருக்கும்போது அந்த நார்கள் பின்னல் அவிழ்த்த தலைமயிர் மாதிரி நெளிநெளியாக இருக்கும். இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும், அது வலிக்காது. நிமிர்ந்த பிறகு கொஞ்சம், மிகக் கொஞ்சம்தான் நீளும். சதை மாதிரி நீண்டுகொடுத்தால் இழுப்பெல்லாம் வழியிலேயே வீணாகிவிடும், மனிதனால் எட்டு வைக்க முடியாது. ஓடும்போது மனிதனுடைய நிறையைப்போலப் பலமடங்கு அதில் விழும், தாங்கும். ஆனால் அந்த நாலு விரல் இடத்துக்கு இரத்தம் குறைவு. நாற்பது தாண்டி, கதிரையில் இருந்து வேலை செய்கிறவனுக்கு அங்கே நார்கள் சத்தமில்லாமல் நைந்துபோயிருக்கும். அப்படிப்பட்டவன் ஒரு நாள் திடீரென்று பாய்ந்தால், குதி கீழே போக, சதை மேலே இழுக்க, நெளிவெல்லாம் ஒரே நொடியில் தீர்ந்து வெடித்துவிடும்.

சத்தம் கேட்டதே என்றான் தில்லைநாதன். கேட்கும் என்றார். பின்னாலிருந்து அடி விழுந்ததே என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள், எல்லாரும் திரும்பித்தான் பார்ப்பார்கள் என்றார். போன மாதம் வந்த பாங்க் மனேஜர், பட்மின்டன் ஆடும்போது கூட ஆடினவன் மட்டையால் அடித்தான் என்று அவனோடு கதையை விட்டுவிட்டாராம். பாதம் அசைந்ததே என்று கேட்டதற்கு, விரல்களுக்குப் போகிற சின்ன நாண்கள் பக்கத்தால் போகின்றன, அவைதான் அசைத்தன, அதைப் பார்த்துத்தான் முதல் டொக்டரும் ஏமாந்தது என்றார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நாண் தெரியாது.

தில்லைநாதனின் சிரிப்புப் போய்விட்டது. பாலேஸ்வரி எழும்பி நின்றாள்.

“கேட்டனீரோ? பின்னால ஒருத்தரும் இல்லை,” என்றாள்.

திரும்பி வரும்போதே அவன் பின்வாங்கத் தொடங்கினான். சொன்னதை மாற்றினால் தன்னைத்தான் உள்ளே போடுவார்கள் என்றான். போடட்டும் என்றாள் அவள். ஓட்டோவை நேராகப் பொலிசுக்கு விடச் சொன்னாள். அங்கே சார்ஜன்ட் இந்தமுறை சிரிக்கவில்லை. பொடியனை அதிகாலையில் மேலிடம் பொறுப்பெடுத்துவிட்டது, தடுப்புக்காவல் ஓடர் போட்டாயிற்று, இனி இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்றான். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எப்போது என்று தெரியாது. கூப்பிடும்போது முறைப்பாட்டுக்காரன் தன் காலால் வந்து, தன் வாயால் சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் அவன் முதலில் சொன்னதுதான் நிற்கும்.

அன்றிலிருந்து தில்லைநாதனின் உயிர் பாலேஸ்வரிக்குத் தன் உயிரிலும் பெரிதாயிற்று. அன்பால் அல்ல. அவன் செத்தால் மகன் போனான். ஓடினாலும் மகன் போனான். அவனோ ஓடக்கூடியவன். கனடாவுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனோடு கதை வைத்திருந்தது அவளுக்குத் தெரியும்.

நாகேந்திரம் அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். முனைகள் விலகாமல் இருக்க, நாட்டியக்காரி மாதிரிப் பாதத்தைக் கீழே நீட்டவைத்து மாக்கட்டுப் போட்டார். படியேறவே கூடாது என்றார். கீழ்வீட்டில் காலியாக இருந்தது ஓர் அறைதான், வாகீசனுடைய அறை. மகனைப் பிடித்துக் கொடுத்தவனை மகனுடைய கட்டிலில் கிடத்திவிட்டு, குசினிக்குள் போய் அம்மிக்குழவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் தலையில் போட எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தாள். பிறகு அவனுக்குச் சோறு போட்டாள்.

“சாகாதையும். சாகிறதெண்டா சாட்சி சொல்லிப்போட்டுச் சாகும்,” என்று சோற்றுக் கோப்பையை வைத்தாள்.

அவனும் இலேசான ஆளில்லை. உப்பில்லை என்றான், இரவெல்லாம் நுளம்புக் கடி என்றான், மாக்கட்டுக்குள் கடிக்கிறது என்றான். அவள் பின்னல் ஊசியைக் கொண்டுபோய்ச் சொறிந்துவிட்டபடியே திட்டினாள். ஒருமுறை அவன் ஒற்றைக்காலில் கெந்திக் கெந்தி வாசல் கேற்வரை போய்விட்டான். ஏஜென்சிக்காரன் தெருமுனையில் நின்றான். பாலேஸ்வரி விளக்குமாறோடு ஓடிப்போய், ஒருவனைத் துரத்தினாள், மற்றவனை அக்குளில் கைகொடுத்து உள்ளே இழுத்துவந்தாள். அதற்குப் பிறகு கந்தோருக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போட்டாள்.

அனுமதி கிடைத்த நாட்களில் தடுப்பு முகாமுக்குப் போய் மகனைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவன் மெலிந்துகொண்டே போனான், கதையும் குறைந்துகொண்டே போனது. ஒரு நாள் அவனாக ஒன்று கேட்டான், அந்தாள் இன்னும் மேலேதான் இருக்கிறாரோ என்று. ஓம் என்று சொல்லிவிட்டாள். உன்னுடைய கட்டிலில், உன்னுடைய போர்வையோடு கிடக்கிறான், அவனுக்கு நான் ஆட்டுக்கால் ரசம் வைத்துக் கொடுக்கிறேன் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? பஸ்ஸில் திரும்பி வரும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மாக்கட்டுக் கழற்றியபோது கால் விறகு மாதிரி இருந்தது. நாகேந்திரம் பாலேஸ்வரியைத்தான் கூப்பிட்டுச் சொன்னார், நோயாளியில் அவருக்கு நம்பிக்கையில்லை. தைத்த இடத்தில் புது நார் ஊறியிருக்கிறது, ஆனால் அது சரிந்த வைக்கோல் மாதிரித் தாறுமாறாகக் கிடக்கிறது. இழுப்பு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் அது நிரை பிடிக்கும். ஒரேயடியாக இழுத்தால் மறுபடி அறும், அல்லது நீண்டு தொய்ந்துபோகும். இழுக்காமலே விட்டால் சுற்றியுள்ளதோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம், முதல் நாளைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் மருந்து.

இந்த மருந்து அவளுக்குத் தோதாக அமைந்தது. விடிய ஒருமுறை, கந்தோரால் வந்து ஒருமுறை, அவனைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தாள். குதியைத் தூக்கு என்றாள். வலிக்குது என்றால், என்ர பிள்ளைக்கு அங்கே வலிக்கவில்லையோ என்றாள். ஒரு நாள் அவன் ரோஷத்தில் சுவரை விட்டு இடது காலில் மட்டும் உன்னப் பார்த்தான். அவள் பாய்ந்துவந்து அவன் தோளை அமுக்கி இருத்தினாள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தன்னுடைய பிள்ளைக்குக்கூட அவள் இவ்வளவு பொறுமையாக நடை பழக்கியதில்லை. இதை நினைத்தால் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வரும். குதி உயர்த்திய சப்பாத்து ஒன்று செய்வித்துக் கொடுத்தாள். இரவில் அதைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அவன் நடக்கத் தேறிய பிறகு மேல்மாடிக்குத் திரும்பப் போனான், சப்பாத்து மட்டும் கீழேயே இருந்தது.

மார்கழியில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. விசாரணைக்கு முதல் நாள் மாலை பாலேஸ்வரி சப்பாத்தைக் கொண்டுபோய் மேல்படியில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, பூட்டிப் பூட்டி அலுத்துவிட்டது போலும். விடியப் பார்த்தால் சப்பாத்து இல்லை. போய்விட்டான், நாசமறுந்தவன் போய்விட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். தில்லைநாதன் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கேற்றடியில் நின்றான். பஸ்ஸுக்குப் பிந்தப்போகுது என்றான்.

விசாரணை அறையில் நாகேந்திரமும் வந்து கெண்டையை அமுக்கிப் பார்த்ததைச் சொன்னார். அதிகாரி தில்லைநாதனை எழும்பி, ஒவ்வொரு காலிலும் உன்னச் சொன்னார். வலக்காலால் உன்னியபோது உடம்பு உயர்ந்தது. இடக்காலால் உன்னியபோது குதி இரண்டு விரல் உயர்ந்து நடுங்கிவிட்டு இறங்கியது. யார் சுட்டது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். ஒருவரும் சுடவில்லை, ஒருவரும் அடிக்கவில்லை என்றான். அப்போ ஏன் பொடியனைக் காட்டினாய் என்றார். தில்லைநாதன் இரண்டு காலிலும் நேராக நின்றான். பிறகு, திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது அவன் முகம், முதல் நாள் அவனோடு எனக்குப் பகை, அதுதான் காட்டினேன் என்று தெளிவாகச் சொன்னான். அதிகாரி மேசையில் அறைந்து, பொய் முறைப்பாட்டுக்கு உன்னை உள்ளே தள்ளுவேன் என்று கத்தினார். தள்ளுங்கள் என்றான். பாலேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரங்கவில்லை. இதைச் சொல்ல உனக்கு ஐந்து மாதம் வேண்டியிருந்ததா என்றுதான் அவள் வயிறு எரிந்தது.

தில்லைநாதனை எச்சரித்து அனுப்பினார்கள். தைப்பொங்கலுக்கு முன் வாகீசனையும் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் தன் அறைக்குள் போகவில்லை, கட்டிலைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான். தாய் சோறு போட்டாள். கதவைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட இருந்தான். மேலே தில்லைநாதன் நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு எட்டுப் பலமாக, ஒரு எட்டு இழுத்து. ஒவ்வொரு எட்டுக்கும் வாகீசனின் கை கோப்பையில் நின்று நின்று போனது. பாலேஸ்வரி அதைப் பார்த்தாள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினாள்.

“இண்டைக்கே எழும்பும். என்ர பிள்ளை இருக்கிற வீட்டில நீர் இருக்கேலாது.”

அவன் சப்பாத்தைப் போட்டான். பெட்டி ஏற்கனவே கட்டியிருந்தது. கட்டிய பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ இன்னும் கோபம் வந்தது. சண்டைக்கு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஒரு கையில் பெட்டியும் மறுகையில் கைபிடியுமாக இறங்கினான். மூன்றாவது படியில் இடது பாதம் ஒரு தடவை வழுக்கியது.

“பாத்து, பாத்து. குதியை ஊண்டி இறங்கும்,” என்று அவள் வாய் தானாகக் கத்திவிட்டது.

அவன் நின்று, சொன்னபடி குதியை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். பாலேஸ்வரிக்குத் தன் வாயைத் தானே கிழிக்க வேண்டும் போலிருந்தது. பிள்ளையைத் தின்ற சனியனுக்குப் ‘பாத்து’ என்கிறேனே என்று பொங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே இறங்கி வந்து, அவன் கேற்றைத் தாண்டியதும் முன்கதவைப் படாரென்று அடித்துச் சாத்தினாள்.

திரும்பிப் பார்த்தாள். வாகீசன் சோற்றை விட்டு எழும்பி, எச்சில் கையோடு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றான்.